மிச்ச விருந்தில் இரண்டு நாற்காலிகள்

டிசம்பர் 24, காலை 7.40. ரெய்னர்ஸ் லேன் நிலையத்தில் மெட்ரோபொலிட்டன் ரயில் ஏறினேன். சூட்கேஸில் பாதி என் உடுப்பு, மீதி மிளகாய்த்தூள், பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா, இரண்டு பக்கெற் நல்லெண்ணெய். பேக்கர் ஸ்ட்ரீட்டில் மாறி பாடிங்டன் போய்ச் சேர்ந்தபோது எட்டரை. அங்கிருந்து ஹெரபோர்டுக்கு மூன்று மணி நேரம். முன்கூட்டியே பதிந்ததால் போகவர 64 பவுண். லண்டனில் முப்பத்தொரு வருடம் இருந்தும் இங்கிலாந்தின் கிராமம் ஒன்றில் நான் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. வெளிநாடு போகிறவள்போல அதிகாலையிலேயே எழும்பி ஆயத்தமாகியிருந்தேன்.

உல்லாசத்துக்குப் போகவில்லை. தவராசன் என் சித்தியின் மகன். எங்களுக்கு அவன் தவம். அவனும் மனைவி ராகினியும் மூன்று வருடத்துக்கு முன் லண்டன் அப்டன் பார்க் கடையைக் கொடுத்துவிட்டு, ஆஷ்லோ என்ற கிராமத்தில் தபால் கவுண்டரோடு கூடிய ஒரேயொரு கடையை வாங்கினார்கள். இப்போது அதை வாங்க ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு குடும்பம் தயாராக நிற்கிறது. 28ஆம் தேதிக்குள் ஓம் அல்லது இல்லை என்று சொல்லவேண்டும். ‘அக்கா, ஒருக்கா வந்து பாத்திட்டுச் சொல்லுங்கோ, விக்கிறதோ விடுறதோ’ என்று டெலிபோன் எடுத்தான். பார்க்கத் தேவையில்லை, ‘விற்றுவிடு’ என்பதுதான் என் முடிவு. அதை நேரில் சொன்னால் மரியாதை என்று வெளிக்கிட்டேன்.

ரெடிங் தாண்டியதும் வயல்கள். வூஸ்டர் தாண்டியதும் வயல்களுக்குமேல் தண்ணீர், வேலிக்கம்பங்கள் பாதி மூழ்கி நின்றன. ஹெரபோர்டில் இறங்கியபோது 12.05. கிராமத்துக்கு 14 மைல். பஸ் ஒரு நாளைக்கு மூன்று தடவை. அன்று அதுவும் ஒன்றாகக் குறைந்து, எனக்கு முன்னமே போய்விட்டிருந்தது. டாக்ஸிக்கு 45 பவுண்.

டாக்ஸிக்காரர் அறுபது வயது மதிக்கத்தக்கவர். அந்தப் பக்கத்தில் பிறந்தவர். நான் ஆஷ்லோ கடைக்குப் போகிறேன் என்றதும், நல்ல கடை என்றார். முந்தி இருந்தவன் பழைய பாண் ரொட்டியைப் புதுசென்று விற்றானாம், இவர்கள் அப்படியில்லையாம். பிறகு, “ஆனால் ஊரோடு சேரமாட்டார்கள். அது அவர்கள் விருப்பம், நாங்கள் வற்புறுத்துவதில்லை” என்றார். எனக்குச் சுரீரென்றது. சேர்க்காதவர்கள் நீங்களா, சேராதவர்கள் நாங்களா என்று கேட்க வாய்வரை வந்தது. காசு கொடுக்குமுன் சண்டை வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

ஆஷ்லோவில் மொத்தம் ஒரு தேவாலயம், ஒரு பப், ஒரு மண்டபம், ஒரு கடை. நடுவில் ஓடும் ஒற்றைத் தெருவுக்கு நடைபாதை கிடையாது. தெருவிளக்கும் இல்லை, கவுன்சில் போடுவதாகச் சொல்ல, ஊரார் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார்களாம், நட்சத்திரம் தெரியாதென்று. கடைக்குமேலே மூன்று அறை வீடு. ராகினி கீழே தபால் கவுண்டரில் நின்றாள். “வாங்கோ மச்சாள்” என்றாள். வாய் பேசியதே தவிர, கை ஒரு பார்சலை நிறுத்துக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் ஆறு மணிக்குத் தேவாலயத்தில் கரோல் ஆராதனை. மணிகள் ஒன்றையொன்று துரத்தி அடித்தன. ஆறு பேர் கயிறு பிடித்து இழுக்கிறார்கள் என்று ராகினி சொன்னாள். யார் யார் என்று பெயரும் சொன்னாள். நாங்கள் போகவில்லை. மூவரும் யன்னலோரம் இருந்து பிளேன் டீ குடித்தோம். அப்போதுதான் தவம் வாயைத் திறந்தான்.

“மூண்டு வருசம், அக்கா. ஒரு சனம் எங்களை ஒரு இதுக்கும் கூப்பிடேல்லை. எனக்கெண்டால் பரவாயில்லை. இவளுக்கு இஞ்சை கதைக்க ஒருத்தருமில்லை. இவளுக்காகத்தான் விக்கிறன்.”

ராகினி எழும்பி கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். பாவம், அழுகை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

டிசம்பர் 25. ரயில் இல்லை, பஸ் இல்லை. கடை மட்டும் ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை திறந்திருந்தது. நத்தார் காலையில் யார் கடைக்கு வருவார்கள் என்று கேட்டேன். பார்த்துக்கொண்டிருங்கோ என்றான் தவம். இரண்டு மணி நேரத்தில் இருபது பேராவது வந்தார்கள். விளையாட்டுச் சாமானுக்கு பற்றரி, வான்கோழியை மூட ஃபொயில், மறந்துபோன கிரீம். ஒரு கிழவர் கதவைத் திறந்து உள்ளே வருமுன்னமே ராகினி அவருடைய பத்திரிகையையும் நாய்க்கு பிஸ்கற்றையும் எடுத்து வைத்துவிட்டாள். இன்னொருத்திக்கு, முழங்கால் ஒப்பரேஷன் எப்படியென்று கேட்டாள். அவள் ஐந்து நிமிடம் முழங்காலின் சரித்திரம் சொன்னாள். கதைக்க ஒருவருமில்லை என்று தவம் சொன்னது நினைவுக்கு வந்தது. வியாபாரத்துக்காகப் பேசுவது கதையா என்று நானே அதற்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு அடுக்குக் கடதாசி இருந்தது. ஊரின் மாதச் செய்தி மடல், நாலு பக்கம், இலவசம். சும்மா இருந்தபடியால் முழுவதையும் வாசித்தேன். தேவாலயக் கூரை ஒழுகுகிறது. செம்மறியாடு ஒன்று யாரோ வீட்டுத் தோட்டத்தில் அகப்பட்டிருக்கிறது, உரியவர் வரவும். காணாமற்போன பூனை வந்துவிட்டது. நூலக வான் வண்டி இனி வியாழக்கிழமைகளில். கடைசிப் பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டிருந்தது: 26ஆம் தேதி பன்னிரண்டரைக்கு மண்டபத்தில் வருடாந்த மிச்ச விருந்து. நத்தாருக்குச் சமைத்ததில் மிஞ்சியதைக் கொண்டுவரவும். ஆஷ்லோவில் எல்லோருக்கும் இடமுண்டு. வர இயலாதவர்கள் மட்டும் அறிவிக்கவும்.

தவத்திடம் காட்டினேன். அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. “உது ஊருக்குப் போட்டது” என்றான்.

“நீ எந்த ஊர்?”

“வீட்டை வந்து சொன்னவையே? கடதாசியிலை போட்டாப்போலை கூப்பிட்டதாகுமோ? அதுவும் மிச்சம் தின்னவாம்.”

அவன் சொன்னது எங்கள் நியாயம். செத்தவீட்டுக்கு ஒருவரும் வந்து சொல்லாமலே போகலாம். நல்ல காரியத்துக்கு வாசல்படி ஏறி வந்து சொன்னால்தான் போகலாம். வெஸ்ட் ஈலிங்கில் ஒரு கலியாணக் கார்டைத் தபாலில் அனுப்பினார்கள் என்பதற்காக நானே போகாமல் விட்டவள். அந்த வீட்டுக்காரருக்கு இன்றுவரை ஏனென்று தெரியாது. மிச்சத்தைச் சாப்பிட விருந்தாளியைக் கூப்பிடுவது எங்கள் பக்கத்தில் பழி தீர்க்கிற வழி. மதியம் ராகினி ஆட்டிறைச்சிக் கறி வைத்தாள். வெங்காயம் நான் வெட்டிக் கொடுத்தேன். விற்பனைப் பேச்சை எடுக்காமல் இருவரும் சமையலைப் பற்றியே கதைத்தோம்.

டிசம்பர் 26, பகல் 12.15. கடை பூட்டு. காலாற நடக்கலாமென்று வெளியே வந்தேன். நூறு கஜம் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் மண்டபத்து வாசல். கதவு திறந்து, ஏப்ரன் கட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண் உள்ளே வாருங்கள், நனைகிறீர்கள் என்றார். வயது எழுபதுக்குமேல். பெயர் மார்கரெட். செய்தி மடலை எழுதுவதும் அச்சடிப்பதும் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. கடைக்காரரின் அக்கா என்று நான் சொன்னதும் முகத்திலிருந்த சிரிப்புக் குறைந்தது.

“அவர்கள் இந்த முறையாவது வருகிறார்களா?” என்று கேட்டார்.

யாரும் கூப்பிடவில்லையே என்றேன். குரலில் கொஞ்சம் உறைப்பு இருந்திருக்கும். அவர் என்னை நீள மேசைக்குக் கூட்டிப்போனார். ஒவ்வொரு தட்டின் முன்னாலும் பெயர் எழுதிய அட்டை. நடுப்பகுதியில், சுவரோரம் அல்ல, அடுப்புச் சூடு படுகிற நல்ல இடத்தில் இரண்டு அட்டைகள்: தவராசன், ராகினி. எழுத்துப் பிழையில்லாமல்.

மூன்று வருடமாக இந்த இரண்டு நாற்காலியும் போடுகிறார்களாம். வரமாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை, ஆகவே வருவார்கள் என்று கணக்கு. முதல் வருடம் இருபது நிமிடம் சூப்பைப் பரிமாறாமல் காத்திருந்தார்களாம். புதிதாக வந்தவர்கள் பட்டியலில் பெயர் வாசித்து, வெறும் நாற்காலிகளைப் பார்த்துக் கைதட்டினார்களாம். வராதது பரவாயில்லை, வரமாட்டோம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்பது மார்கரெட்டின் மனக்குறை. அவர்களுடைய பண்டிகை அல்ல, நேரில் போய்க் கேட்டால் மறுக்கச் சங்கடப்படுவார்கள் என்றுதான் கேட்கவில்லையாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அழைப்பை மூன்று வருடமாக ஊரிலுள்ள எல்லோருக்கும் கையால் எடுத்துக் கொடுத்தவன் என் தம்பிதான்.

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். வீட்டு வாசலுக்கு வரவேண்டும், இருவரையும் பார்த்துச் சொல்லவேண்டும். அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினார். எழுபது வயது நடைக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

தவம் கதவைத் திறந்தான். மார்கரெட் படியில் நின்றபடி, நீங்களும் உங்கள் மனைவியும் இன்று எங்களோடு சாப்பிட வரவேண்டும், கேட்கத்தான் வந்தேன் என்றார். தவம் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பிறகு சேர்ட் மாற்ற மேலே ஓடினான். மூன்று வருடத்துக் கோபம் மூன்று நிமிடத்தில் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்துவிட்டது. ராகினிக்கு வேறு கவலை. நேற்றைய கறியை எப்படி விருந்துக்குக் கொண்டுபோவது, அரை மணி தந்தால் புதிதாக ஏதாவது பொரிப்பேன் என்றாள். புதிதாகச் சமைத்தது அனுமதியில்லை, அதுதான் விதி என்றார் மார்கரெட். கறிச்சட்டியைத் துவாயால் மூடி, களவெடுத்த சாமான்போல் கொண்டு வந்தாள்.

குளிர்ந்த வான்கோழி, குளிர்ந்த ஹாம், வாட்டிய உருளைக்கிழங்கு, ஏழு விதமான புடிங். ஆட்டிறைச்சிக் கறி முதல் கால்மணியில் முடிந்தது. முழங்கால் அம்மா ராகினிக்குப் பக்கத்து நாற்காலி. டாக்ஸிக்காரரும் இருந்தார், என்னைக் கண்டு கிளாஸை உயர்த்தினார். அவரும் இந்த ஊர்தானாம். ஒருவரும் பழையதைப் பற்றிப் பேசவில்லை. இந்தச் சனம் எதையும் விளக்கிப் பேசாது என்பதை அன்று கண்டேன். கரண்டியை நீட்டும், கறி போடு என்னும்.

இரண்டு மணிக்கு மார்கரெட் கொப்பியோடு எழும்பினார். ஜனவரி மடலுக்கான வருடச் செய்தியை இந்த விருந்தில் வாசித்துச் சரிபார்ப்பது வழக்கம். இறந்தவர்கள் மூன்று பேர்; பெயர்களைச் சொல்ல எல்லோரும் தலைகுனிந்தார்கள். பிறந்தது ஒரு பெண் குழந்தை. அது மேசைக்குக் கீழே தவழ்ந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் ஒருவருமில்லை. பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, யாராவது போகிறீர்களா என்று கேட்டார்.

தவம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லாவிட்டால் பொய், சொன்னால் அந்தச் சாப்பாட்டின் முகத்திலேயே அடிப்பது. 28ஆம் தேதிக்கு இரண்டு நாள்தான். நான் என் ‘விற்றுவிடு’ என்ற சொல்லை விழுங்கிக்கொண்டு இருந்தேன்.

“நோ” என்றாள் ராகினி. சத்தமாக இல்லை, ஆனால் மண்டபம் முழுவதும் கேட்டது. “நாங்கள் போகவில்லை” என்று ஆங்கிலத்தில் முழுதாகவும் சொன்னாள். நீங்கள் போவதாக ஒருவரும் சொல்லவில்லையே என்று பக்கத்தவர்கள் குழம்பிப்போய்ச் சிரித்தார்கள். மார்கரெட் மட்டும் சிரிக்காமல் அதைக் கொப்பியில் எழுதினார்.

டிசம்பர் 27, காலை 9.30. தவம் தன் வான் வண்டியில் என்னை ஹெரபோர்டுக்குக் கொண்டுவந்தான். பதினான்கு மைலும் ஒரே மூடுபனி. ஈஸ்ட் ஹாம்காரருக்குக் காலையிலேயே டெலிபோன் எடுத்து இல்லையென்று சொல்லிவிட்டதாகச் சொன்னான். நல்லது என்றேன். நிலையத்து வாசலில் சூட்கேஸை இறக்கி வைத்துவிட்டு, கையை ஜக்கெற் பைக்குள் விட்டபடி நின்றான்.

“அக்கா, எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை, கேக்கேல்லை எண்டு மூண்டு வருசம் திரிஞ்சன். போவமோ நிப்பமோ எண்டு நான் ராகினியை ஒரு நாளும் கேக்கேல்லை.”

ரயில் 10.40க்கு. வூஸ்டர் வயல்களில் தண்ணீர் வற்றவில்லை. நான்கு பகல், மூன்று இரவு அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். அவளோடு ஒரே பலகையில் வெங்காயம் வெட்டினேன், கோப்பை கழுவினேன், அவள் பார்சல் நிறுப்பதையும் கிழவரின் நாய்க்கு பிஸ்கற் வைப்பதையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். தவத்தின் வாழ்க்கையைத் தீர்மானித்துச் சொல்ல லண்டனிலிருந்து வந்தவள் நான். உனக்கு என்ன விருப்பம் என்று நானும் அவளைக் கேட்கவில்லை.