ஐந்தாம் வட்டத்து எல்லம்மா

பெரியசாமி செத்த பதினாறாம் நாள், இடைத்திட்டு ஆட்கள் அவன் வீட்டு வாசலுக்கு வந்து கேட்டது ஒரே ஒரு பொருளைத்தான். அவனுடைய கிளிஞ்சலை.

இடைத்திட்டு, பழவேற்காட்டு ஊருக்கும் கடல் முகத்துவாரத்துக்கும் நடுவில் கிடந்த மணல்மேடு. வடக்கே பார்த்தால் டச்சுக்காரர்களின் கோட்டைக் கொடி தெரியும். ஏரி பெரியதாக இருந்தாலும் இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். அதனால் யார் எங்கே வலை கட்டுவது என்பதற்கு முறை வைத்திருந்தார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு கிளிஞ்சல் உண்டு. அதில் அவனவன் அடையாளத்தை அறுத்து வைத்திருப்பான். அமாவாசைக்கு அமாவாசை எல்லாக் கிளிஞ்சலையும் ஒரு பானையில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுப்பார்கள். முதலில் வருவதற்கு முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம், அடுத்ததற்கு அடுத்த இடம். ஒருமுறை குலுக்கிவிட்டால் மறுபேச்சு கிடையாது, மறுகுலுக்கலும் கிடையாது.

ஆள் செத்தால் அவன் கிளிஞ்சலை உடைத்து முகத்துவாரத்தில் போட்டுவிடுவார்கள். மகன் இருந்தால் புதிதாக ஒன்று அறுத்துக்கொள்வான். இல்லையென்றால் பாடு அண்ணன் தம்பிக்குப் போய்விடும். பெரியசாமிக்குப் பிள்ளை இல்லை. அவன் அண்ணன் சிங்காரம்தான் இடைத்திட்டின் தலைவன். அவன்தான் முன்னால் நின்று கேட்டான்.

"காணோம் மாமா" என்றாள் பெரியசாமியின் மனைவி எல்லம்மா.

"இன்னாது காணோமா? மூணு சட்டியும் ஒரு பாயும் கீற ஊட்டுல எங்கம்மா போவும்?"

"போன பொருளுக்கு நான் இன்னா பண்றது? தேடிப் பாத்துக்கோ."

தேடினார்கள். கூரை ஓலையைக்கூட விலக்கிப் பார்த்தார்கள். கடைசியில் வேறொரு கிளிஞ்சலில் பெரியசாமியின் மூன்று கீறலை அறுத்து, அதை உடைத்துத் தண்ணீரில் போட்டுச் சடங்கை முடித்தார்கள். எல்லம்மா தலையைக் குனிந்தபடி நின்றாள். கிளிஞ்சல் அவள் கொண்டைக்குள் இருந்தது.

ஏன் ஒளித்தாள் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அவள் பிறந்தது ஏரியின் வடகரையில், தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் ஒரு குப்பத்தில். ஆண்பிள்ளை இல்லாத வீடு. அதனால் பன்னிரண்டு வயதிலிருந்தே அவள் நைனாவின் தோணியில் பின்கழி ஊன்றியவள். கல்யாணமாகி இடைத்திட்டுக்கு வந்த மறுநாள் தோணியில் கால் வைக்கப் போனபோது, இங்கே பெண்கள் தோணி ஏறுவதில்லை என்று மாமியார் சொல்லிவிட்டாள். சரியென்று கரையில் உட்கார்ந்து வலை முடைந்தாள், கிழிந்ததைத் தைத்தாள், மீனைக் காயவைத்தாள், ஊருக்குள் கொண்டுபோய் விற்றாள். புருஷன் இருந்தவரை அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவன் போன பிறகு அவள் முடைந்த வலையையே சிங்காரம் எடுத்துக்கொண்டு போய்க் கட்டினான். வாரத்துக்கு ஒரு கூடை மீன் அவள் வாசலில் வைத்தான்.

நான்கு மாதம் வாங்கினாள். ஐந்தாம் மாதம் கூடையைத் திருப்பிக் கொண்டுபோய் அவன் வாசலில் வைத்தாள்.

"எனக்குக் கூடை வாணாம் மாமா. எடம் வேணும்."

"பொம்பளைக்கு ஏதுடி பாடு? நம்ம ஊர்ல எவளாச்சும் வலை கட்டிக்கீறாளா?"

"கட்ட உட்டீங்களா?"

சிங்காரம் கெட்டவன் இல்லை. முறை என்று ஒன்று இருந்தால் அதில் யார் விழுகிறார்கள் என்று குனிந்து பார்க்காதவன், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் கோட்டையிலிருந்து வட்டம் பிரிக்கும் உத்தரவு வந்தது. டச்சுக்காரர்கள் தங்கள் தலைமை இடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கோட்டையில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். இருக்கிறவர்களை வைத்து ஊரைப் பார்த்துக்கொள்ள முடியாமல், ஊரையே வட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு வட்டமும் தனக்கு ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்த ஆள் வாரம் ஒருமுறை கோட்டைக்குள் போய்க் கேப்டன் முன்னால் உட்கார்ந்து பேசலாம். கிணறு எங்கே வெட்டுவது, எந்தக் கரையில் எந்தப் படகு ஒதுங்குவது, காவலுக்கு யார் போவது எல்லாம் அங்கேதான் முடிவாகும். நாற்பது தலைக்கட்டு, அதாவது நாற்பது குடும்பம், இருந்தால் தனி வட்டம். குறைந்தால் பக்கத்து வட்டத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

கோட்டைக் கணக்குப்பிள்ளை தருமலிங்கம் வந்து, "எத்தனை தலைக்கட்டு?" என்று கேட்டபோது சிங்காரம் யோசிக்கவே இல்லை. இடைத்திட்டில் தலையை எண்ணும் வழக்கம் கிடையாது. பானையில் கிடக்கும் கிளிஞ்சலைத்தான் எண்ணுவார்கள்.

"முப்பத்தாறு சாமி" என்றான்.

"தலைக்கட்டு என்று யாரைச் சொல்கிறாய்?"

"பாடு இருக்கிறவன்தான் சாமி தலைக்கட்டு."

தருமலிங்கம் அதை அப்படியே ஓலையில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்த பிறகுதான் நாற்பது என்ற கணக்கைச் சொன்னார். பத்து நாள் கழித்து நேரில் எண்ண வருவதாகவும், அப்போதும் குறைந்தால் வணிகர் வட்டத்தோடு சேர்க்கப் போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

வணிகர் வட்டம் என்றால் ஆதிநாராயணன். டச்சுக் கம்பெனிக்குத் துணி வாங்கித் தரும் துபாஷி, இரண்டு மொழி பேசும் தரகர். இடைத்திட்டின் மணல்மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். வலை காயப்போடும் அந்தக் கரை கைக்கு வந்தால் துணிப்படகுகள் நேராக வந்து ஒதுங்கலாம். அந்த மணல் போனால் வலை காயாது, மீன் காயாது, இடைத்திட்டே இருக்காது.

ஊர் கூடியது. தென்கரையிலிருந்து நாலு குடும்பத்தைக் கூட்டிவரலாமா என்றான் ஒருவன். கல்யாணம் ஆகாதவனுக்கெல்லாம் ஒரே வாரத்தில் தாலி கட்டவைக்கலாம் என்றான் இன்னொருவன். பொண்ணு யாரு தருவா, உன் தங்கச்சியா என்று கேட்டு அடிதடி வரப்பார்த்தது.

கொஞ்சம் தள்ளி மீன் புரட்டிக்கொண்டிருந்த எல்லம்மா கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"நாலுதானே கொறையுது? தாலி அறுத்தவங்க நாங்க அஞ்சு பேரு கீறோம். அஞ்சு அடுப்பு தனியா எரியுது. எங்கள எண்ணு."

கூட்டமே சிரித்தது. ஒருவன் கேட்டான்.

"கோட்டைக்குப் போயி இன்னா பண்ணுவ எல்லம்மா? கேப்டனுக்கு மீன் ஆய்ஞ்சு குடுப்பியா?"

"உனக்கு ஆயத் தெரியாதுன்றதால எல்லாருக்கும் அதுதான் வேலைன்னு நெனைக்காத."

கொண்டையை அவிழ்த்தாள். மூன்று கீறல் போட்ட கிளிஞ்சல் உள்ளங்கையில் விழுந்தது. சிரிப்பு நின்றது.

"திருடி வெச்சிருந்தியா?" சிங்காரம் முன்னால் வந்தான்.

"எம் புருஷன் அறுத்தது, எங்கூட்ல இருந்தது. இதுல யாரு திருடுனது, யாரு பறிகுடுத்தது மாமா? போடறேன். ஆனா ஒண்ணு. எண்ணுறதுக்காகப் போட்டா, பாட்டுக்கும் இது பானையிலயே கெடக்கணும்."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி என்றார்கள். அவர்கள் சரி என்ற வேகத்திலேயே எல்லம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எண்ணிக்கை முடிந்த மறுநாள் ஐந்து கிளிஞ்சலையும் எடுத்துத் தண்ணீரில் எறிந்துவிடுவார்கள். வட்டமும் கிடைக்கும், முறையும் பிழைக்கும்.

அடுத்த இரண்டு நாளில் செல்வம்மாள் பின்வாங்கினாள். மகள் வீட்டில் மருமகன் சத்தம் போட்டானாம். "என்னை உட்டுடு எல்லம்மா, எனக்கு இந்தப் பேஜாரு வாணாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மிச்சம் நாலு பேர். முப்பத்தாறோடு நாலு. இனி ஒன்றுகூடக் குறைய முடியாது.

எல்லம்மா யோசித்தாள். ஊருக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று வெளியில் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையா? ஊர் தப்பித்து, தன் கிளிஞ்சல் மட்டும் தண்ணீருக்குப் போனால் சும்மா இருப்பாளா? இருக்க மாட்டாள். அப்படியென்றால் ஊர் என்று சொல்வது பொய்யா? பொய்யும் இல்லை. அவளும் ஊர்தானே. தன்னைக் கழித்துவிட்டு மீதியை ஊர் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

எட்டாம் நாள் காலை வழக்கம்போல ஆதிநாராயணன் வீட்டுக் கொல்லைக்கு மடவை மீன் கொண்டுபோனாள். அவர் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, நீயும் தலைக்கட்டு ஆகிவிட்டாயாமே?"

"நீங்க வேற சாமி. எங்களுக்கு ஏது பாடு? சும்மா எண்ணிக்கைக்கு நிக்கச் சொல்லிக்கீறாங்க. முடிஞ்சதும் பழைய குருடிதான்."

ஆதிநாராயணன் வாய் கொப்பளிப்பதை நிறுத்தினார். எல்லம்மா மீனை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.  இடைத்திட்டையே தூக்கி ஒரு வார்த்தையில் பணயம் வைத்துவிட்டாள். அது எந்தப் பக்கம் விழுமோ.

பத்தாம் நாள் தருமலிங்கம் வந்து பனைநிழலில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஆதிநாராயணன். பின்னால் இரண்டு சிப்பாய்கள். ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லிக் கிளிஞ்சலைப் பானையில் போட்டார்கள். முப்பத்தாறு. பிறகு நாலு பெண்கள். மற்ற மூவரும் முந்தின நாள்தான் அறுத்த புதுக் கிளிஞ்சலைப் போட்டார்கள். எல்லம்மா கடைசியாக மூன்று கீறலைப் போட்டாள்.

"நாற்பது" என்றார் தருமலிங்கம்.

ஆதிநாராயணன் அவர் காதில் ஏதோ சொன்னார். தருமலிங்கம் பழைய ஓலையை எடுத்துப் படித்தார். "பாடு இருப்பவனே தலைக்கட்டு. இது நீ சொன்னது, சிங்காரம். இந்த நாலு பேருக்கும் பாடு உண்டா?"

 ஊரே சிங்காரத்தின் முகத்தைப் பார்த்தது. அவன் எல்லம்மாவைப் பார்த்தான்.  அவன் பார்வை மணலுக்குப் போயிற்று. வெயிலில் விரித்துக் கிடந்த வலைகள், ஒரு மூலையில் ஆதிநாராயணனின் ஆள் முந்தின வாரமே நட்டுவிட்டுப் போன அளவுக் குச்சி.

"கீது சாமி" என்றான்.

"அப்படியென்றால் குலுக்கிக் காட்டு."

"அமாவாசைக்கு இன்னும் மூணு நாள்..."

"இப்போதே."

பானை சிங்காரத்தின் கையில் இருந்தது. குலுக்கினால் மறுகுலுக்கல் கிடையாது, அந்த நாலு கிளிஞ்சலையும் பிறகு எடுத்தெறிய முடியாது என்பதை அங்கே நின்ற எல்லோரையும்விட அவன்தான் நன்றாக அறிந்தவன். அந்த முறையைச் சொல்லித்தான் எத்தனையோ சண்டையைத் தீர்த்திருக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு குலுக்கினான்.

கிளிஞ்சல்கள் ஒவ்வொன்றாக வந்தன. சிங்காரத்துடையது ஒன்பதாவது. எல்லம்மாவுடையது முப்பத்தெட்டாவது. அந்த இடத்துக்குச் சேத்துமூலை என்று பெயர். இடுப்பளவு சேறு, நண்டைத் தவிர வேறு எதுவும் வராது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"சிரி" என்றாள் எல்லம்மா. "மோசமான எடம்தான். ஆனா என் எடம்."

தருமலிங்கம் நாற்பது என்று எழுதினார். ஆதிநாராயணன் குடையை விரித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்தார். அன்றைக்கு இடைத்திட்டு ஐந்தாம் வட்டம் ஆயிற்று. கோட்டைக்குப் போய் உட்காரச் சிங்காரத்தையே தேர்ந்தெடுத்தார்கள். நாற்பது பேரும் கை தூக்கினார்கள், எல்லம்மா உட்பட.

கூட்டம் கலைந்ததும் சிங்காரம் அவளிடம் வந்தான்.

"உங்களுக்குப் பாடு இல்லன்னு ஆதிநாராயணன்கிட்ட யாரு சொன்னது?"

"நான்தான்."

"அடிப்பாவி! நான் இல்லன்னு சொல்லியிருந்தா ஊரே போயிருக்குமே!"

"ஆமா. நீ இல்லன்னு சொல்லியிருந்தா போயிருக்கும். நான் சொன்னதால இல்ல."

 சிங்காரம் கோபத்தில் மணலை உதைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் விடிந்ததும் எல்லம்மா தன் வலையைச் சிங்காரம் வீட்டுப் பரணிலிருந்து தானே இறக்கிக்கொண்டாள். கழி நடத் துணைக்கு ஆள் வேண்டும். எந்த ஆணும் வரவில்லை. மற்ற மூன்று பெண்களும் வந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கும் தோணியில் நிற்கத் தெரியாது. உட்கார்ந்துகொண்டு கத்தினார்கள். எல்லம்மா பின்னால் நின்று கழியை ஊன்றினாள். பதினெட்டு வருடம் ஆகியிருந்தாலும் கை மறக்கவில்லை. சேத்துமூலையில் இறங்கி, தொடைவரை புதைந்து, ஒருத்தி இன்னொருத்தியை இழுத்துவிட்டு, உச்சிவேளைக்குள் வலையைக் கட்டி முடித்தார்கள். கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் சொன்ன பேச்சுகளுக்கு அளவில்லை. இவர்கள் திருப்பிச் சொன்னதற்கும் அளவில்லை.

மூன்றாம் நாள் வலையைத் தூக்கினார்கள். முக்கால் கூடை நண்டு, ஒரு கை இறால், ஒரு கிழிந்த செருப்பு. செருப்பைத் தண்ணீரிலேயே வீசிவிட்டு, மற்றதை நாலு பங்காகப் பிரித்துக்கொண்டார்கள்.

எல்லம்மா தன் பங்கிலிருந்து நல்ல நண்டாகப் பார்த்து எடுத்து, நான்கு மாதமும் தன் வாசலுக்கு வந்துபோன அதே கூடையில் போட்டுக்கொண்டு சிங்காரம் வீட்டுக்குப் போனாள். அவன் கோட்டைக்குக் கிளம்ப வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டிருந்தான். முதல் கூட்டம்.

"இன்னாது இது?"

"ஐந்தாம் வட்டத்துத் தலைவருக்கு" என்று கூடையை வாசலில் வைத்தாள். "ஆதிநாராயணன் ஆளு மணல்ல நட்ட குச்சியப் புடுங்கச் சொல்லி மொதல்ல கேளு. கேக்காம வந்தா அடுத்த தபா நான் வரேன் கோட்டைக்கு."

சிங்காரம் கூடையைப் பார்த்தான். ஒரு நண்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏறப் பார்த்தது. அவன் குனிந்து அதை உள்ளே தள்ளிவிட்டு, கூடையைக் கையில் எடுத்துக்கொண்டான்.