இறால் குஞ்சுக்கு எத்தனை கண்

படத்தில் இருக்கிற பொருளைச் சுற்றிக் கோடு போட்டு, அது இன்னதென்று கணினிக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண்ணெரிய வீட்டுக்குப் போகிற எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்தான்.

வெளிநாட்டு மரங்கள்

புதுக்குடியிருப்பில் ஒரு கடையின் மேல்மாடியில் உள்ள சின்ன அலுவலகம்தான் எங்கள் கந்தோர். நாங்கள் ஐந்து பெண்கள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தெருப் படங்களை அனுப்பும். மரம், கார், நாய் எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக வைத்துச் சுற்றி வளைப்போம். நான் அதிகம் கதைக்காதவள் என்பதால் மரங்களோடு ஒத்துப்போனது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு மாமி வேலையைப் பற்றி விசாரித்தா. மெதுவாக விளங்கப்படுத்தினேன். அவா என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்னா: "கம்பஸ் படிச்சிட்டு மரம் சுத்தத்தானோ போறாய் பிள்ளை? அதுக்குக் கோயில் காணுமே!"

ஒரே அழுத்து

பிறகு, கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய ஒரு செயற்கை அறிவு மொடலை அதை உருவாக்கியவர்கள் எல்லோருக்கும் திறந்து விட்டார்கள். யாரும் இலவசமாக இறக்கிப் பாவிக்கலாம். மரத்தில் ஒரு தரம் அழுத்தினால் போதும், கிளை இடுக்குகள்கூடத் தப்பாமல் கோடு விழுந்தது. இந்த மாதத்தோடு படம் அனுப்ப மாட்டோம் என்று நிறுவனம் எழுதிவிட்டது. வேறு வேலை கிடைக்காவிட்டால் கந்தோரைப் பூட்டவேண்டும் என்றா எங்கள் பொறுப்பாளர் தர்சினி அக்கா. பக்கத்துக் கதிரையில் இருக்கும் சுதாவின் உழைப்பில்தான் அவளுடைய வீடு ஓடுகிறது. திரையைக் காட்டி அவள் சொன்னாள்: "மூண்டு வருசமா நாங்கள் வளைச்சதை இது மூச்சு விடாமல் வளைக்குது. இனி நாங்கள் இதுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறதோ?"

கண்ணாடி உடம்பு

நிறுவனத்துக்கு இலவசம் என்றால் எங்களுக்கும் இலவசம்தானே. எங்கள் மெதுவான இணையத்தில் இரண்டு நாள் காத்திருந்து அதை இறக்கினேன். அந்த நேரம் பார்த்துத் தர்சினி அக்கா நாயாற்று மீனவர் சங்கத்தில் ஒரு வேலை கேட்டு வந்தா. கடலோரக் களப்பு நீரில் விடுவதற்கு வரும் இறால் குஞ்சுகளைக் கையால் எண்ணும்போது நிறையச் செத்துப்போகின்றன. படம் எடுத்தே எண்ண முடியுமா என்பதுதான் சங்கத்தின் கேள்வி.

பேசின் பாத்திரத்தில் நீரோடு குஞ்சுகளை விட்டுப் படம் எடுத்தோம். மொடல் பேசினைச் சுற்றி அழகாகக் கோடு போட்டது. தண்ணீரில் விழுந்த வெயிலையும் வளைத்தது. ஒரு குஞ்சைக்கூடக் காணவில்லை. குஞ்சுகளின் உடம்பும் தண்ணீரைப் போலத்தானே இருக்கிறது! பின்னால் நின்று பார்த்த சங்கச் செயலாளர் மேரி அக்கா குனிந்து சொன்னா: "உடம்பைத் தேடாதை பிள்ளை, கண்ணைத் தேடு. நாங்கள் அந்தக் கறுப்புப் புள்ளியைப் பாத்துத்தானே எண்ணுறனாங்கள்."

அரைக் குஞ்சு

ஐந்து பேருமாக இருநூறு படங்களில் கண்களை மட்டும் குறித்துப் பழக்கினோம். வெறுமையிலிருந்து தொடங்கியிருந்தால் இருநூறு படம் எந்த மூலைக்கும் காணாது. மொடல் ஏற்கனவே பார்க்கப் பழகியதென்பதால் உடனே பிடித்துக்கொண்டது. சோதனைக்கு மேரி அக்கா நூறு குஞ்சை எண்ணி விட்டா. மொடல் சொன்னது நூற்று எண்பத்தேழு! கண்ணை எண்ணியிருக்கிறது என்று விளங்கியதும் இரண்டால் பிரித்தேன். தொண்ணூற்று மூன்றரை வந்தது. பக்கவாட்டில் திரும்பியிருந்த குஞ்சுகளுக்கு ஒரு கண்தான் தெரிந்திருக்கிறது. சுதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்: "அந்த அரைக் குஞ்சை நீ வீட்டை கொண்டுபோய்ச் சொதி வையடி!"

களப்பங்கரையில்

திரும்ப இருந்து, சோடிக் கண்ணை ஒன்றாகவும் தனிக் கண்ணை ஒன்றாகவும் எல்லாப் படத்திலும் குறித்தோம். குஞ்சு விடும் நாளில் மேரி அக்கா ஒரு பேசினை மட்டும் கையால் எண்ணினா: நானூற்றுப் பத்து. மொடல் நானூற்றுப் பன்னிரண்டு என்றது. கரையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். "இன்னொருக்கா எண்ணிப் பாருங்கோ அக்கா" என்றேன். அவ்வளவு பேருக்கு முன்னால் என் குரல் அப்படி வந்தது எனக்கே புதினமாக இருந்தது. அவா திரும்ப எண்ணினா. நானூற்றுப் பன்னிரண்டு. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சொன்னா: "ஓம், இதுக்குக் கண் இருக்கு. மற்றச் சங்கங்களுக்கும் நான் சொல்லுறன், கந்தோரைப் பூட்டிப்போடாதேங்கோ."

எங்கள் வேலையைப் பறிக்க வந்ததை நாயாற்றில் வேலைக்கு வைத்து, அதன் பிழைகளைத் திருத்தும் மேலதிகாரிகளாக இப்போது நாங்கள் ஐந்து பேரும் இருக்கிறோம்.