பாலத்தின் அடியில் நின்றது நானல்ல

நான் ஓடினேன். என் மனைவி பாலத்தின் அடியில் இருந்தாள், மேலே சத்தம் கேட்டது, நான் ஓடினேன்... அவளை நோக்கி அல்ல.

உங்களுக்கு நான் சொல்லிவந்த கதை வேறு. பெருமாள்மலைக்குக் கீழே ஓடைப் பாலத்தில் பாரம் ஏற்றிச் சோதித்தபோது, அஞ்சாமல் அடியில் குனிந்து அளவு பார்த்த ஓவர்சியர் நான்தான் என்று இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஒரு முறை உவமைகளோடு.

மலைரோடு போட்ட காலத்துக் கான்கிரீட் பாலம் அது. இருபது வருஷ மழையில் விரிசல் கண்டு, உள்கம்பியின் துரு வெளியே கசிந்துகொண்டிருந்தது. இனியும் அதில் பஸ் விடலாமா? மேலே மணல் மூட்டைகளை அடுக்க வேண்டும். பாலம் எவ்வளவு தொய்கிறதென்று, அடியில் பொருத்திய கருவியின் முள்ளை ஓர் ஆள் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். உத்தரவுப்படி அந்த ஆள் நான்.

கான்கிரீட்டைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். அதுதான் வினை. பாலம் எப்படியெல்லாம் இடியும் என்பது எனக்கு அத்தியாயம் அத்தியாயமாகத் தெரியும்!

மூட்டை அடுக்கிய காதர் மேஸ்திரி சொன்னார்: "ஐயா, ஒரு மூட்டை ஏத்துனா நீங்க ஓரடி பின்னால போறீங்க. பாரம் ஏறி முடியறதுக்குள்ள மலையிறங்கி வத்தலக்குண்டு போயிருவீங்க போலருக்கே."

அப்போதுதான் என் மனைவி பார்வதி சாப்பாடு கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன செய்யுதுங்க?"

"முழங்கால் புடிச்சிருச்சு. குனிய முடியலை."

"முள்ளு எங்க நிக்குதுன்னு சொல்லணும், அம்புட்டுத்தானே? நான் போய்ப் பாக்குறேன். நோட்டை நீங்க வச்சிக்கிருங்க."

புடவையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். தடுத்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும்... அந்த வார்த்தையை இன்றுவரை தேடுகிறேன்.

அடியிலிருந்து அவள் எண்களைச் சொன்னாள். கடைக்காரரிடம் மளிகைச் சாமான் சொல்வதுபோல் நிதானமாக. நான் எழுதினேன். நோட்டு இன்னும் இருக்கிறது.

பிறகு அந்தச் சத்தம்... 'பொத்'தென்று. நினைவு வந்தபோது நான் ரோட்டு வளைவில் நின்றேன்.

"ஏங்க, மூட்டைதான் ஒண்ணு சரிஞ்சு விழுந்திருக்கு" என்றது அடியிலிருந்து அவள் குரல். "பயப்படாதீங்க. முள்ளு அங்கனயேதான் கெடக்கு."

என்னை அவள் தேற்றினாள். பாலத்தின் அடியிலிருந்து!

மறுநாள் பாரத்தை இறக்கியதும் அவளே மீண்டும் இறங்கிப் பார்த்தாள். முள் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. பாலம் தேறியது. 'நேரில் அடியில் நின்று பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் துணிச்சலை ஆபீசில் எல்லோர் முன்னும் எஞ்சினியர் பாராட்டினார். அடக்கத்தோடு தலைகுனிந்தேன்... அடக்கமா அது?

பஸ் அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் என் தோளில் சாய்ந்து தூங்கும் இவளுக்கு, அன்று நான் ஓடியது தெரியுமா? இந்த ஒரு கேள்வியைப் பன்னிரண்டு வருஷம் கேட்காமலே வைத்திருந்தேன்.

போன மாதம், பேரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டேன். ஓடியதை, கையெழுத்திட்டதை, எல்லாவற்றையும்.

அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"ஓடுனதும் நல்லதாப் போச்சு. கீழ வந்திருந்தா, உங்களையும் பாத்துக்கிட்டு முள்ளையும் எங்கிட்டுப் பாக்குறது?"