முழுக் காற்றோடு மணலில் இறங்கியவன்

அல் ஐன் பக்கம் பாலைவன மணலில் ஓட்டிப் பார்க்க, மனைவியோடு குட்டி எஸ்யூவியில் இன்று கிளம்பினேன்.

தூரப் பயணம் என்றால் நம்மூர் வழக்கப்படி டயருக்கு முழுக் காற்று. நிரப்பினேன்.

பெட்ரோல் பங்க் நெல்லைக்காரர் கேட்டார்: "லாங் டிரிப்பா அண்ணாச்சி?"

"ஆமா."

மணலில் இறங்கியதும் வண்டி புதைந்தது.

ஆடு ஏற்றிய பிக்கப்பில் வந்த பெஷாவர்க்காரர் டயரைத் தட்டிப் பார்த்தார்.

"பாய், ஹவா நிகாலோ!"

அவரே நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினார். வண்டி சாதுவாக வெளியே வந்தது. ஆடுகள் பார்த்துக்கொண்டிருந்தன.

ரோட்டில் ஓட்ட மறுபடி காற்று வேண்டும். அதே பங்க், அதே நெல்லைக்காரர்.

"அதுக்குள்ள வந்துட்டியளே அண்ணாச்சி, எம்புட்டு தூரம் போனிய?"

மனைவி முந்திக்கொண்டாள். "முப்பது மீட்டர்."

இதே போல் முழுக் காற்றோடு மணலில் இறங்கியவர்கள் கமெண்டில் வரவும். வீட்டில் காட்ட வேண்டியிருக்கிறது.