புங்கமர நிழலில் செருப்புக்கு இடமில்லை

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அடையாறு ஆற்றங்கரையில் இயற்கையை ரசிப்பதற்கென்று எங்கள் தெருவிலிருந்து ஒரு கூட்டம் புறப்படும். என் ரத்தத்தில் மருத்துவர் சர்க்கரையைக் கண்டுபிடித்த பிறகு நானும் அதில் சேர்ந்தேன். அதற்கு முன் எனக்கும் இயற்கைக்கும் பெரிய பழக்கமில்லை. நாளிதழில் நகரச் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில், ஆற்றில் வெள்ளம் வந்தால் முதல் பக்கம், வராவிட்டால் ஆறே கிடையாது என்பதுதான் எங்கள் கொள்கை.

கூட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்து, மகன் வாங்கிப்போட்ட அடுக்கக வீட்டுக்குக் குடிவந்தவர். கழுத்தில் தொலைநோக்கி, தலையில் காட்டிலாகா நிறத்தில் தொப்பி, காலில் முட்டிவலிக்கென்று மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஷூ. பறவையைக் கண்டால் முதலில் அறிவியல் பெயர், பிறகு தமிழ்ப் பெயர், பிறகு அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்ற விவரம். பறவை அதுவரை நிற்காது. நாங்கள் நிற்போம்.

பார்ப்பதற்குக் குறைவில்லை. பாலத்தின் மேலிருந்து பார்த்தால் கழிமுகம் அகன்று விரிந்திருக்கும். தெர்மோகோல் துண்டின் மேல் ஒரு கொக்கு தவம் செய்யும். பவளக்கால் உள்ளான் பறவைகள், யாரோ விட்டெறிந்த மெத்தையைச் சுற்றி நடந்து இரை தேடும். "நன்னா மூச்சை இழுத்து விடுங்கோ" என்பார் தலைவர். விட முடியும்; இழுப்பதில்தான் சிரமம். அங்கிருந்து பட்டினப்பாக்கம் வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். மீன் விற்கிற பெண்கள் கூடையைப் பிரித்ததும் கூட்டத்தில் பாதிப் பேர் கைப்பேசியை எடுப்பார்கள். "வர்ற வாரமெல்லாம் போட்டோ புடிச்சினு போறியே, ஒரு வாட்டியாவது மீனு வாங்கினு போ சார்" என்று ஒருத்தி கேட்டாள். தலைவர் தன் குடும்பம் சைவம் என்றார். "போட்டோவுல மட்டும் அசைவமா?" என்றாள் அவள்.

புறப்படும் இடமும் திரும்பிவந்து சேரும் இடமும் எங்கள் தெருமுனைப் புங்கமரம். நடந்து களைத்து வந்ததும் அதன் நிழலில் நின்றுதான் அருகம்புல் சாறு குடிப்போம். அதே நிழலில் ஓர் இஸ்திரி வண்டி உண்டு. எங்களுக்கு அந்த மரத்தைத் தெரிந்ததே அந்த வண்டியால்தான். "இஸ்திரிக்காரம்மா மரத்தடிக்கு வந்துடுங்க" என்றுதான் கூட்டத்தின் வாட்ஸப் குழுவில் எழுதுவார்கள்.

அந்த அம்மா முன்பு ஆற்றங்கரையிலேயே குடியிருந்தவர். கரையை அழகுபடுத்த வேண்டும் என்று முடிவானபோது அவர்களைப் பெரும்பாக்கத்து மாடி வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். கரை அழகானது. நாங்கள் ரசிக்கப் போவது அந்த அழகைத்தான். அவர் தினமும் பேருந்தில் வந்து, மரத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டிய வண்டியைத் திறந்து, கரியைப் பற்றவைத்து, சுற்றியுள்ள அடுக்ககங்களின் சட்டைகளைத் தேய்த்துவிட்டு, சாயங்காலம் மறுபடி பேருந்து ஏறுவார். அந்த இடம்தான் அவர் தொழில். "பொட்டி சூடு ஒரு பக்கம் அடிக்கும், வெயிலு ஒரு பக்கம் அடிக்கும். ரெண்டும் ஒண்ணா தாங்காது சார். மரம் கீது, வண்டி ஓடுது" என்று ஒருமுறை சொன்னார்.

பங்குனியில் ஒருநாள் மரத்தின் இடுப்பில் சிவப்புப் பெயிண்டில் ஓர் எண் முளைத்திருந்தது. மழைநீர் வடிகால் அந்த வழியாக வரப்போகிறது, மரம் போகப்போகிறது என்று பொருள். அந்த ஞாயிற்றுக்கிழமை நடை ரத்தானது. மரத்தடியில் அவசரக் கூட்டம். மனு எழுதலாம் என்றார் ஒருவர். மனுவுக்குப் பதில் வரும்போது மரம் விறகாகியிருக்கும் என்றேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தொழில் அனுபவம் உண்டு. மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கலாம் என்றார் தலைவர். யார் நிற்பது என்ற கேள்வியில் அந்தத் தீர்மானம் கலைந்தது. எல்லாருக்கும் திங்கட்கிழமை வேலை இருந்தது.

தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி அப்போது வாய் திறந்தார். தெற்கத்திக்காரர். நடையில் பறவைகளைப் பார்க்க மாட்டார். நடப்பவர்கள் போட்டிருக்கும் துணியைப் பார்ப்பார்.

"இதுக்குப் போயி எதுக்கு சார் இம்புட்டுப் பேச்சு? எங்க ஊர்ல ஒரு புளியமரத்துக்காவ ரோடே வளைஞ்சு போவுது. ஒரு மஞ்சத் துணி. கொஞ்சம் குங்குமம். முடிஞ்சு போச்சு."

"மதத்தையெல்லாம் இதுல கொண்டுவரப்படாது அண்ணாச்சி. நாம இயற்கை ஆர்வலர்கள்" என்றார் தலைவர்.

"அப்ப இயற்கையா விழட்டும்."

தலைவர் யோசித்தார். சென்னையில் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று சுவரில் எழுதினால் அது இடம் தேடுபவர்களுக்கு வழிகாட்டிப் பலகை. அதே சுவரில் சாமி படம் போட்ட ஓடுகளை மூன்று மதத்துக்கும் ஒன்றாகப் பதித்துவிட்டால் சுவர் காய்ந்துவிடும். இது வங்கி அதிகாரிக்கும் தெரியும். "சுற்றுச்சூழல் நோக்கத்தோட பண்றதா இருந்தா தப்பில்லை" என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னார். ஆனால் புங்கமரத்துக்கு எந்தச் சாமி என்பதில் அவருக்குச் சிக்கல் வந்தது. வேம்பென்றால் அம்மன், அரசென்றால் பிள்ளையார். புங்கைக்கு அறிவியல் பெயர்தான் தெரியும். "அம்மன்னு வைங்க. யாரு வந்து கேக்கப் போறா?" என்றார் அண்ணாச்சி.

இஸ்திரிக்காரம்மாதான் மஞ்சளைக் குழைத்துக் கொடுத்தார். பொறியாளர்களும் தணிக்கையாளர்களும் வரிசையாக நின்று தடவினோம். "பின்னாடியும் தடவு சார். பொக்லைன் அந்தப் பக்கத்தால வந்துட்டா இன்னா பண்ணுவே?" என்று அவர் மேற்பார்வை பார்த்தார். எண் இருந்த இடத்தில் குங்குமத்தில் ஒரு சூலம் வந்தது. அண்ணாச்சி கடையிலிருந்து கொண்டுவந்த சிவப்புப் புடவை மரத்தைச் சுற்றியது.

பொக்லைன் வந்த அன்று வேலைநாள். சட்டைகளைக் கொடுக்கப் போயிருந்த நான் மட்டும்தான் கூட்டத்தின் சார்பில் அங்கே இருந்தேன். ஓட்டிவந்த பையன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மரத்தை நெடுநேரம் பார்த்தான்.

"இன்னாமா, நம்பர் போட சொல்லோ இந்தச் சாமி இல்லியே?"

"சாமி உன்னாண்ட கேட்டுக்கினா வரும் நைனா?" என்றார் அந்த அம்மா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் கீழே இறங்கிச் செருப்பைக் கழற்றினான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு கைப்பேசியில் யாரையோ அழைத்தான். "மேஸ்திரி, இங்க அம்மன் கீது. நா கை வெக்க மாட்டேன். வோணும்னா நீ வந்து வெச்சிக்க." மேஸ்திரியும் வரவில்லை. மறுவாரம் வடிகால், மரத்துக்கு முன்னால் மரியாதையாக ஒதுங்கி வளைந்து, மறுபடி நேராகிப் போனது. மழைநீர் அந்த வளைவில் திரும்புமா என்பதை ஐப்பசி சொல்லும்.

வெற்றிச் செய்தி வாட்ஸப்பில் பரவியது. தலைவர் 'நகரமும் இயற்கையும் கைகோத்த தருணம்' என்று எழுதினார். நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது ஒன்றுதான்: அம்மனை வரவழைக்கத் தெரிந்தவர்களுக்கு அனுப்பிவைக்கத் தெரியவில்லை.

முதலில் ஒரு விளக்கு வந்தது. பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து பால். வெள்ளிக்கிழமை ஒருவர் சுண்டல் கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை சுண்டல் எங்கே என்று கேட்க நிறையப் பேர் வந்தார்கள். அம்மனுக்குப் 'புங்கையம்மன்' என்று யாரோ பெயரும் வைத்துவிட்டார்கள். மரத்தடி மண்ணை மூடி கிரானைட் மேடை எழுந்தது. வேருக்குத் தண்ணீர் எப்படிப் போகும் என்று நான் கேட்டதற்கு, அபிஷேக நீர் போகுமே என்றார்கள். கடைசியில் ஒரு நிர்வாகக் குழு அமைந்தது. அதில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கள் நடைக் கூட்டத்து ஆட்கள். தலைவர்தான் தலைவர். மதத்தைக் கொண்டுவரக் கூடாது என்ற கொள்கை அவருக்கு இப்போதும் இருந்தது. ஆனால் ஏற்கெனவே வந்துவிட்டதை முறையாக நிர்வகிக்க வேண்டும் அல்லவா?

குழுவின் முதல் தீர்மானம், நிழல் விழும் எல்லை வரை தரையில் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்குள் செருப்பு கூடாது என்று பலகை. இரண்டாவது தீர்மானம், கோட்டுக்குள் ஊரார் அழுக்குத் துணி கூடாது.

"தப்பா எடுத்துக்காதேம்மா. அம்மன் எதிர்த்தாப்புல பாவாடையும் பனியனும் தேச்சுண்டு நின்னா நன்னா இருக்குமோ? எதிர்ப்பக்கம் இடம் கிடக்கு பாரு" என்றார் தலைவர்.

"அங்க நெழலு இல்ல சார்."

"காலை வெயில் உடம்புக்கு நல்லது. வைட்டமின் டி இருக்கு."

"அப்ப நீ வந்து நில்லேன் சார். நாதான மஞ்சா கொழச்சிக் குட்த்தேன். மரம் இருந்தா நா இருப்பேன்னு கொழச்சேன்."

பதில் சொல்ல வேண்டியவர் தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டி எதிர்ப்பக்கம் போனது.

அந்தக் கோடையில் அவர் கிழிந்த குடை ஒன்றை வண்டியில் கட்டிக்கொண்டு தேய்த்தார். குடை அவருக்குப் போதவில்லை. கத்திரி வெயிலில் பதினோரு மணிக்கே கரியை அவித்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிடுவார். துணி தாமதமாகிறது என்று சில வீடுகள், கைப்பேசியில் சொன்னால் வந்து எடுத்துப்போகிற சலவைக்காரர்களுக்கு மாறின. எங்கள் வீட்டுச் சட்டைகளை வாங்கும்போது சொன்னார்: "ஆடி வரைக்கும் பாப்பேன் சார். அதுக்கப்பால முடியாது. வண்டிய வித்துட்டு பெரும்பாக்கத்துலயே எங்கனா வீட்டு வேலைக்குப் போய்டுவேன்." எதிரே புங்கமர நிழலில் யாரும் இல்லை. அம்மன் மட்டும் குளிர்ச்சியாக இருந்தாள்.

ஆடி வந்தது. முதல் வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் புதுப் புடவை சாத்துவது அண்ணாச்சியின் உபயம். பெட்டியிலிருந்து எடுத்த பச்சைப் புடவையை மரத்தில் சுற்றிப் பார்த்தார். மடிப்புத் தழும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது, கொசுவம் நிற்கவில்லை. தரிசனத்துக்கு வந்திருந்தவர்கள் எதையும் கவனிக்கவில்லை. அண்ணாச்சியால் மட்டும் தாங்க முடியவில்லை. "கசங்கின துணிய நான் கடை பொம்மைக்கே கட்ட மாட்டேன். அம்மனுக்குக் கட்டுவனா?" என்று புடவையை உருவிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

"ஏ அம்மா, இத ஒரு இழுப்பு இழுத்துக் குடு."

அந்த அம்மா புடவையைத் தொடவில்லை. "இப்பதான் இந்தப் பலகையில ஒருத்தர் லுங்கி தேச்சேன் அண்ணாச்சி. அம்மன் பொடவய இங்க வெச்சித் தேச்சா தீட்டு இல்லியா? உங்க கமிட்டிதான சொல்லுச்சு."

"சரி, வேற எங்க தேய்ப்ப?"

"அம்மன் பொடவய அம்மன் எதிர்லதான் தேய்க்கணும்."

அவர் முகத்தில் கிண்டல் இருந்ததா என்று உற்றுப் பார்த்தேன். கரிப் புகையில் தெரியவில்லை.

தலைவர் ஓடிவந்தார். இஸ்திரிப் பெட்டியை மட்டும் எடுத்துவந்து தேய்க்கலாமே, வண்டி எதற்கு என்றார். "தரையில போட்டா தேய்ப்பாங்க அம்மன் பொடவய?" என்றார் அந்த அம்மா. இதை மறுத்துப் பேச அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தைரியமில்லை. அண்ணாச்சியே வண்டியின் ஒரு பக்கம் தள்ளினார். பலகையைக் கழுவி, புது வேட்டியை விரித்து, அந்த அம்மா செருப்பைக் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வந்து நின்று தேய்த்தார். புடவை கண்ணாடி போல விழுந்தது. அண்ணாச்சி மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்து, "இனிமே வாராவாரம் நீதான் தேய்க்கே" என்றார். வாராவாரம் வண்டியை அங்கேயும் இங்கேயும் தள்ளிக்கொண்டிருப்பது அம்மனுக்கே அலைச்சல் என்று அவரே குழுவுக்கும் சொல்லிவிட்டார். உபயதாரர் சொல்லைத் தட்டும் குழு இன்னும் அமைக்கப்படவில்லை.

கரி அணையும்வரை வேறு நாலு துணி தேய்த்துக்கொள்கிறேன் என்று அந்த அம்மா கேட்டிருந்தார். கரி இன்றுவரை அணைந்ததாகத் தகவல் இல்லை. ஊரார் லுங்கியும் பனியனும் கீழ்த்தட்டில் ஒரு மஞ்சள் துணிக்கு அடியில் காத்திருக்கின்றன. மேலே எப்போதும் அம்மனின் ஒரு ரவிக்கைத் துணி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த ஆடி வெள்ளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடை முடிந்து நாங்கள் வழக்கம்போல் மரத்தடிக்கு வந்தோம். வெயில் ஏறியிருந்தது. அன்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, இந்த மரத்தை எப்படிக் காப்பாற்றினோம் என்று சொல்லிக்கொண்டே தலைவர் கோட்டைத் தாண்டினார்.

"சார், ஷூ" என்றார் இஸ்திரிக்காரம்மா.

தலைவர் பலகையைப் பார்த்தார். அதன் வாசகம் அவர் எழுதியது. பிறகு தன் ஷூவைப் பார்த்தார். முட்டிக்காக உள்ளே தனியாக ஒரு திண்டு வைத்து இறுக்கிக் கட்டியது. உட்காராமல் கழற்ற முடியாது, உட்கார்ந்தால் எதையாவது பிடிக்காமல் எழ முடியாது. ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டோம். எல்லாம் நாடா கட்டியவை. கூட்டம் மெல்லப் பின்வாங்கித் தெருவைக் கடந்து, சுவரோரம், கோடையில் வண்டி நின்றிருந்த இடத்தில் போய் நின்று அருகம்புல் சாற்றைக் குடித்தது. தொப்பி வைத்திருந்தவர்கள் போட்டுக்கொண்டார்கள்.

அந்த அம்மா பெட்டியை ஒரு சட்டைக் காலரின் மேல் ஓட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அங்கயே நில்லு சார்" என்றார் தலைவரிடம். "வைட்டமினு கெடைக்கும்."