லுப்லியானாவில் யார் இருக்கிறார்கள்?

ஐரோப்பாவுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். நான்கு முறையும் பாரிசில் அண்ணை வீடுதான். ஈஃபில் கோபுரத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அண்ணை வீட்டுப் புட்டைப் பற்றிக் கேளுங்கள், விவரமாகச் சொல்வேன்.

இந்த வருடம் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில், பயணத்துக்காகப் பரணிலிருந்து பெட்டியை இறக்கியபோது மனைவி, "லுப்லியானா போவம்" என்றாள். ஸ்லோவேனியாவின் தலைநகராம்.

"அங்கை எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அதுக்காகத்தான் போவம் எண்டுறன். ஆத்தங்கரையிலை இருந்து கோப்பி குடிக்கலாம். நாலு தரமும் பாரிசிலை நான் பாத்தது உங்கட அண்ணையின்ரை குசினியைத்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பகிடி விட்டுத் தப்பியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அங்கே நான் வரவேற்பறையில் எல்லோரையும் சிரிக்க வைத்தபோது, இவள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

உடனே அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"இந்த முறை வரேல்லை அண்ணை. லுப்லியானா போறம்."

"ஏன்ரா, இஞ்சை என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. இவளோடை தனியக் கொஞ்சம் கதைக்கோணும்."

அண்ணை அதைப் பகிடியென்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் நின்ற மனைவி சிரிக்கவில்லை. என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடங்களில் நான் சொன்னவற்றுள் அவள் முழுதாக நம்பியது அந்த ஒன்றைத்தான் போலும்.