ஓசி வெள்ளைத் திருநாள்

எந்தக் காலண்டரிலும் அச்சாகாத ஒரு திருநாள் எங்கள் ஊருக்கு இருந்தது. அதற்கு லீவு கேட்டு வாத்தியாரிடம் நாங்கள் திட்டு வாங்கியிருக்கிறோம். பிள்ளைகளே, நீங்கள் தாத்தா என்று கூப்பிடுகிறீர்களே, என் தாய்மாமன், அவரை நான் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு திரிந்ததும் அந்தத் திருநாளால்தான்.

அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைகள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊருக்கு அருகிலும் ஒன்று இருந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது, ஒரு மாசி மாதத்துக் காலையில், அங்கே தூசியைப் பிடித்து வைக்கும் பை ஒன்று கிழிந்துவிட்டது. சிமெண்டு மேகம் போல எழுந்து வந்து ஊர் மேல் இறங்கியது. முந்திரிப் பூ வெள்ளை, ஆட்டுத் தாடி வெள்ளை, எருமையும் வெள்ளை. அதோடு விட்டிருந்தால் தட்டிவிட்டுப் போயிருப்போம். மத்தியானம் பார்த்து ஒரு தூறல் போட்டது. அவ்வளவுதான், எல்லாம் இறுகிப்போயிற்று. கொடியில் காய்ந்த அப்பாவின் வேட்டியை எடுத்துச் சுவரில் சாத்தினால் அது பாட்டுக்கு நின்றது. மொட்டை மாடியில் அம்மா பிழிந்து வைத்திருந்த வடகம் கல்லாகிவிட்டது. எறிந்தால் நாய் அலறும்.

மறுநாள் ஆலையிலிருந்து ஆபீஸர் ஒருவர் ஜீப்பில் வந்தார். பெண்கள் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, சமாதானமாகப் பேசுவதாக நினைத்து, "ஓசியிலேயே வீட்டுக்கு வெள்ளையடிச்ச மாதிரி ஆயிடுச்சேம்மா!" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் திருநாளாக முளைத்தது. அடுத்த மாசியில் மாமா ஊரைக் கூட்டி, "ஓசியில வெள்ளையடிச்சுக் குடுத்த மவராசனுக்கு நாம சீரு செய்ய வேணாமா?" என்றார். கல்யாணத்துக்குப் போவது போலவே மேளம் வைத்து, தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு ஆலை வாசலுக்குப் போனோம். ஒரு தட்டில் கல் வடகம், ஒன்றில் விறைத்த வேட்டி, ஒன்றில் காலியான இருமல் மருந்து பாட்டில்கள். சீர் என்றால் முதல் தட்டைத் தாய்மாமன்தான் தூக்க வேண்டும். மாமாதான் தூக்கினார். ஆபீஸர் வெளியே வரவில்லை. நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துத் திரும்பினோம். அதற்கடுத்த வருடமும் அப்படியே.

மூன்றாம் வருடம் வருவதற்குள் இரண்டு காரியங்கள் நடந்துவிட்டன. மாமாவுக்கு அதே ஆலையில், மூட்டை கட்டும் இடத்தில், காண்டிராக்ட் வேலை கிடைத்தது. அந்த வேலையைப் பார்த்து ஆண்டிமடத்தில் அவருக்குப் பெண் கொடுப்பதாகச் சொன்னார்கள்.

அப்போதிருந்துதான் எனக்குச் சந்தேகம். வாய் ஓயாமல் ஆலையைக் கிண்டலடித்துக்கொண்டிருந்த மனிதர் வாயை மூடிக்கொண்டார். ஆலை வாசலில் வாட்ச்மேனாக இருந்த என் பெரியப்பாவோடு முந்திரித் தோப்பில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசினார். நான் கிட்டே போனால் இருவரும் மழையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். பங்குனி வெயிலில் என்ன மழை?

ஒருநாள் அடுப்படியில் அம்மாவும் மாமாவும் பேசியதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"நீ தூக்கலன்னா ஊரு என்னடா சொல்லும்? வெல போயிட்டான்னு காறித் துப்பாது?"

"தூக்குனா வேல போயிரும்க்கா. வேல போனா ஆண்டிமடத்துக்காரங்க அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பாங்களா?"

எனக்கு அது போதுமானதாக இருந்தது. மாமா அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். மாசி தாண்டிப் பங்குனியும் வந்துவிட்டது, திருநாளை இவர்தான் தள்ளிப் போடுகிறார் என்று கூட்டாளிகளிடம் சொல்லி வைத்தேன்.

ஆனால் திருநாள் வந்தது. ஆலையில் மாமாவுக்கு லீவு நாளாகப் பார்த்து வந்தது. அதில் ஒரு புது வழக்கம் சேர்ந்திருந்தது. எல்லோரும் முகத்தில் அரிசி மாவைக் குழைத்துப் பூசிக்கொள்ள வேண்டுமாம். மாமாவின் யோசனை. காது, கழுத்து, புருவம் எதையும் விடாமல் பூசிக்கொண்டார்கள். எனக்குப் பூசிவிட்ட மாமா, "அங்க வந்து என்னைய மாமான்னு கூப்புடக் கூடாது, தெரியுதா?" என்றார்.

மருமகன் மாமாவை மாமா என்று கூப்பிடக் கூடாதா? சந்தேகம் இன்னும் கூடியது.

முதல் தட்டை அவர்தான் தூக்கினார். நான் அவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போனேன், ஏதாவது செய்வார், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று. வாசலில் பெரியப்பா விறைப்பாக நின்றிருந்தார். காலையில் எங்கள் வீட்டில் பழைய சோறு சாப்பிட்டுப் போன பெரியப்பா, "யாருய்யா நீங்கல்லாம்? எந்த ஊரு?" என்று அதட்டினார்.

மாமா கூத்துக்காரனைப் போலக் குரலை உச்சிக்கு ஏற்றி, "கங்கைகொண்ட சோழபுரத்துலேருந்து வரோமுங்க. ராசா காலத்துக் கல்லு கொண்டாந்திருக்கோம்" என்று வடகத்தைக் காட்டினார்.

இரண்டு பெரிய மனிதர்கள் என் கண்ணெதிரே, கூசாமல், பொய் பேசினார்கள்.

அந்த வருடம் ஆபீஸர் வெளியே வந்தார். சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் மாமாவின் முன்னால் நின்றார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"முதல்ல முகத்தைத் துடைங்க. யாருன்னு பார்ப்போம்."

மேளம் நின்றது. பெரியப்பா வானத்தைப் பார்த்தார். அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. மாமாவின் கையிலிருந்த தட்டு ஆடி, கல் வடகங்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடத்தன.

"எப்புடிங்க சார் துடைக்கிறது?" என்றது அந்த உச்சிக் குரல். "நீங்க ஓசியில அடிச்சுக் குடுத்த வெள்ளையாச்சே. அன்னைலேருந்து தேய்க்கிறோம், போவ மாட்டேங்குது."

முதலில் ஜீப் டிரைவர்தான் சிரித்தார். பிறகு ஊரே சிரித்தது. மேளக்காரர் ஓங்கி ஓர் அடி வைத்தார். ஆபீஸருக்கு முகம் சிவந்தது. வேறு வழி தெரியாமல் ஒரே ஒரு வடகத்தை எடுத்துக்கொண்டு தட்டைத் தள்ளினார்.

"சார், சீர்த்தட்டச் சும்மா திருப்பி அனுப்பக் கூடாதுங்க, ஆகாது" என்று பெரியப்பா பணிவாகச் சொன்னார். ஆபீஸர் முறைத்தார். பிறகு கையிலிருந்த கைக்குட்டையையே தட்டில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். லஞ்சம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

வரும் வழியில் எல்லோரும் ஆடிக்கொண்டு வந்தார்கள். மாமா மட்டும் தட்டை யாரிடமும் கொடுக்காமல் முன்னால் விறுவிறுவென்று நடந்தார். ஊர் எல்லை தாண்டிய பிறகு, கூப்பிடலாம் என்று தோன்றியதால் கேட்டேன்.

"ஏன் மாமா அங்க கை அப்புடி ஆடுச்சு?"

"தட்டு கனம்டா."

மறுநாள் மாமா தூக்குச்சட்டியோடு வேலைக்குப் போனார். அம்மா அன்று முழுக்க வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் மாமா எப்போதும் போல மேலெல்லாம் சிமெண்டோடு திரும்பி வந்ததும், அவரைப் பார்த்துவிட்டு ஏனோ உட்கார்ந்து அழுதாள். நல்லபடியாக வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து எதற்கு அழ வேண்டும்?

எனக்கு வேறு வேலை இருந்தது. மூலையில் சாத்தியிருந்த அந்தத் தட்டை எடுத்து, மீதமிருந்த கல் வடகத்தையெல்லாம் அதில் கொட்டி, தூக்கிப் பார்த்தேன். ஒரு கையாலேயே தூக்க முடிந்தது.

நினைத்தது சரிதான். மாமா பொய்தான் சொல்லியிருக்கிறார்.